பொலிகாளை: சுழி பார்ப்பதா, கால் பார்ப்பதா?

புதுச்சேரித் தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டு மேற்கே திரும்பி அபிஷேகப்பாக்கம் போகிற வழியில், தெரிந்தவர் ஒருவரின் கொட்டாயில் போன மாசியில் ஒரு காளைக்கன்று வந்து இறங்கியது. வயது 20 மாதம் என்றார்கள். வாயைத் திறந்து பார்த்தால் பால்பல் ஒன்றும் விழவில்லை, சொன்ன வயது பொருந்தியது. மினி லாரி வாசலில் நிற்கும்போதே ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் நெற்றிச் சுழியைப் பார்த்தார். இன்னொருவர் முதுகுத்தண்டில் விரலை ஓட்டி, ஏறுபூரானா இறங்குபூரானா என்று தேடினார். மூன்றாமவர் வாலின் நீளம் பின்முட்டியைத் தாண்டுகிறதா என்று பார்த்தார். “ராசியான கன்னு, தைரியமா வெச்சிக்கோ” என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. கன்றை நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் போய் நின்று கால் வைப்பைப் பார்த்தவர் இல்லை. பொலிகாளை ஆகட்டும் என்று வாங்கிய பிராணியின் விதைப்பையில் ஒருவர் கையும் படவில்லை.

அங்கே நின்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் மாட்டோடு வளர்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்குப் பழக்கம் வேறு. மாட்டைப் பார்க்கும் கலை நம் பக்கத்தில் ஏர் மாட்டையும் வண்டி மாட்டையும் வைத்து வளர்ந்தது. காளை என்கிற சொல்லே நமக்கு வழுக்கும் சொல்தான். வண்டிக்காளை, உழவுக்காளை என்று நாம் சொல்வதெல்லாம் காயடித்த எருதுகள். காயடிக்காமல் இனத்துக்கு விடுவதற்குப் ‘பொலிகாளை’ என்று தனியாக அடைமொழி போட வேண்டியிருக்கிறது. சந்தையில் நாலு பேர் சுற்றி நின்று பார்த்ததும், துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் விலை பேசியதும் பெரும்பாலும் எருதுக்காகத்தான். எருது ஒழுங்காக இழுத்தால் போதும், அதற்குப் பிள்ளை பிறக்கப் போவதில்லை. பொலிகாளையின் குறையோ ஒரு மாட்டோடு நிற்காது. ஊரில் உள்ள பசுக்களின் வயிற்றுக்குள் போய்விடும்.

இளங்காளை ஒன்றின் உடலமைப்பைப் பார்த்து, அது நல்ல பொலிகாளை ஆகுமா என்று சொல்லிவிட முடியுமா? என் கணக்கு இது. “இது வேண்டாம்” என்று உறுதியாகச் சொல்லக் கண் போதும். “இதுதான் வேண்டும்” என்று சொல்லக் கண்ணால் ஆகாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கழிக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, தேர்ந்தெடுக்கும் இடத்தில் கண்ணை நம்புகிறார்கள்.

முதலில் கால். காளையின் வேலை பசுவின் மேல் ஏறுவது. ஏறும் நேரத்தில் 300, 400 கிலோ உடம்பு முழுவதும் பின்னங்கால் இரண்டில்தான் நிற்கிறது. பசுவுக்கு அந்தச் சோதனை வாழ்நாளில் வராது, எருதுக்கும் வராது. எனவே பின்னங்கால் நடுமூட்டின் வளைவுதான் முதல் கேள்வி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த மூட்டு இதமாக வளைந்திருக்க வேண்டும். அதிகமாக வளைந்து அரிவாள் மாதிரி உடம்புக்கு அடியில் போனால், மூட்டுக்குப் பின்னால் இருக்கும் நரம்புக்கட்டு இழுபட்டு வீங்கும், குளம்பின் குதி தேயும். வளைவே இல்லாமல் தூண் நட்ட மாதிரி நேராக இருந்தால் இன்னும் மோசம். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் மேலே முழங்கால் மூட்டு தேய்ந்துபோகும். இரண்டில் தூண்காலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஏனென்றால் இளவயதில் அது அழகாகத் தெரியும். நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கிற கன்றைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று நின்றது. மயிலை நிறம், நல்ல திமில், சுழியில் ஒரு குறை சொல்ல முடியாது. நான்தான் போய்ப் பார்த்து வாங்கி வந்தேன். நாலு பல் போட்ட பிறகு பசு பருவத்தில் நின்றால் ஆவலாகப் பக்கத்தில் போகும், தாடையைப் பசுவின் முதுகில் வைக்கும், ஏற மட்டும் ஏறாது. மனம் இருந்தது, கால் இல்லை. கால்நடை மருத்துவர் வந்து பின்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “இதை ரெண்டு வயசுலேயே பாத்திருக்கலாமே சார்” என்றார். வாங்கிய அன்றைக்கு அதைப் பின்னாலிருந்து ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னாலிருந்து பார்ப்பது தனிப் பாடம். இரண்டு பின்னங்கால்களும் இடுப்பிலிருந்து தரை வரை ஏறக்குறைய ஒரே நேரில் இறங்க வேண்டும். மூட்டுகள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று உரசினால், ‘முட்டி தட்டுது’ என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். கொஞ்சம் சாய்ந்தால் பெரிய குற்றமில்லை. குளம்பு வெளிப்பக்கம் திரும்பி, ஒரு பிளவு மட்டும் தேய்ந்து, மற்றது நீண்டு வளர்ந்திருந்தால் அந்தக் கால் நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குளம்பின் இரண்டு பிளவும் ஒரே அளவா, நுனிகள் கத்தரி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா, குதி தரையில் படிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்கு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தே ஆக வேண்டும். நின்றபடி மாடு வாங்குகிறவர் பாதி மாட்டைத்தான் வாங்குகிறார்.

அப்புறம் நடை. ஈரமண்ணில் கன்றை நடத்திவிட்டுத் தடத்தைப் பாருங்கள். முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்கால் வந்து விழுந்தால், தோளும் இடுப்பும் ஒத்துப் போகின்றன. பின்னங்கால் எட்டாமல் பின்தங்கி விழுந்தால் எங்கோ விறைப்பு இருக்கிறது, பெரும்பாலும் நேராக நிமிர்ந்த தோளில். அபிஷேகப்பாக்கத்துக் கொட்டாய்க்குப் பின்னால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் வரப்போரச் சேற்றில் அந்தக் கன்றை நடத்தினோம். வலது பக்கம் தடத்துக்குள் தடம் சரியாக விழுந்தது. இடது பக்கம் நாலு விரற்கடை பின்தங்கியது. லாரியில் கட்டிவைத்த விறைப்பாக இருக்கலாம். மறுநாள் காலை திரும்ப நடத்தியபோது இரண்டு பக்கமும் சரியாக விழுந்தது. இறக்கிய அன்றே எந்த மாட்டையும் தீர்மானிக்கக் கூடாது.

கால் நல்ல கால் என்று சொல்வதும் நிலத்தைப் பொறுத்தது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து உம்பளச்சேரி மாடு உயரத்தில் குறைவு, கால் கட்டை. ஆழச் சேற்றில் உழுவதற்கு அந்தக் கட்டைக்கால்தான் வாகு. காங்கேயம் மாடு கொரங்காட்டு மேய்ச்சலில் வளர்ந்து, கல் பாதையில் பாரம் இழுத்தது. அதற்கு உயரமும் இறுகிய கருங்குளம்பும் வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்து வயல்காரருக்கு உம்பளச்சேரிக் கால் புரியும், தாராபுரத்துக்காரருக்கு அது குட்டையாகத் தெரியும். மதுரைப் பக்கம் போனால் புலிக்குளம் காளையின் பாய்ச்சலும் முரட்டுப் பார்வையும் விலையாகிறது. வாடிவாசலுக்கு வேண்டிய அந்தக் குணத்தையே பொலிகாளையில் பார்த்தால் நான் பின்வாங்குவேன். தினமும் கையில் பிடித்து இழுக்க வேண்டிய பிராணி அது. சாந்தமாகத் தெரிகிற ஜெர்சிக் காளைகூடப் பழகிய ஆளையே முட்டிக் கொன்றுவிடும்.

கால் தேறினால் அடுத்தது விதைப்பை. இங்கே கூச்சம் பார்த்தால் வேலை நடக்காது. பின்னாலிருந்து இரு கையாலும் பிடித்து, இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது பிள்ளைக்கும் இறங்கும் குறை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக, அழுத்தினால் இறுகிய ரப்பர்ப் பந்து மாதிரி கொடுத்து வாங்க வேண்டும். பஞ்சு மாதிரி தொளதொளவென்று இருந்தாலும் தவறு, கல் மாதிரி இருந்தாலும் தவறு. பையின் கழுத்து ஒடுங்கி, அடி அகன்று, சொம்பைத் தொங்கவிட்ட மாதிரி இருப்பது நல்ல வடிவம். விந்தணு உருவாக உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைந்த சூடு வேண்டும். பை தொங்கினால்தான் அந்தக் குளிர்ச்சி கிடைக்கும். கழுத்திலேயே கொழுப்பு சேர்ந்து பை உடம்போடு ஒட்டியிருந்தால், கொழுகொழுவென்ற அந்தக் காளைதான் பசுவைச் சினையாக்காமல் ஏமாற்றும். சந்தைக்கு முன்னால் பிண்ணாக்கும் அரிசிக்கஞ்சியும் ஊற்றிக் கொழுக்க வைத்த காளையிடம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அளப்பதும் எளிது. ஒரு கையால் விதைகளைப் பையின் அடிக்கு மெதுவாக இழுத்துப் பிடித்து, அகன்ற இடத்தில் தையல்கார டேப்பைச் சுற்றினால் முடிந்தது. அமெரிக்காவில் 1970களில் இந்தச் சுற்றளவை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்தன. பை பெரிதாக இருக்கும் காளைக்கு விந்தணு உற்பத்தி அதிகம், அதன் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்று தெரிந்தது. ஒரு டேப்பை வைத்துக்கொண்டு, பிறக்காத கிடேரியின் பருவத்தைக் கணிக்கலாம் என்பது சின்ன விஷயமா? இந்தச் சுற்றளவு வேறுபாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது பரம்பரையாக இறங்குவது. பால் அளவு அதைவிடக் குறைவாகத்தான் இறங்குகிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் வகுத்த குறைந்தபட்ச அளவு, 15 மாதத்துக்கு உட்பட்ட காளைக்கு 30 சென்டிமீட்டர், இரண்டு வயது தாண்டினால் 34. இதை அப்படியே நம் கன்றுக்கு வைத்தால் நல்ல கன்றெல்லாம் கழிந்துபோகும். நாட்டு மாடு பருவத்துக்கு வருவதே தாமதம், உடம்பும் சிறிது. ஆகவே ஒரே வயதில், ஒரே இனத்தில், ஒரே தீனியில் நிற்கிற கன்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அளந்து பார்ப்பதே நியாயம். ஒற்றைக் கன்றாக இருந்தால் ஆறு மாதம் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்று நம் வெயில். விந்தணு ஒன்று உருவாகி முடிய 61 நாள். வெளியே வருவதற்கு மேலும் சில நாள். அக்னி நட்சத்திரத்தில் மரநிழல்கூட இல்லாமல் கட்டிப்போட்ட காளை, அந்தச் சூட்டின் விலையைக் கொடுப்பது ஆனி, ஆடியில்தான். பசுவுக்குச் சினை நிற்கவில்லை என்று ஆடியில் காளையைத் திட்டுகிறவர், சித்திரையில் அதை எங்கே கட்டினோம் என்று யோசிக்க வேண்டும்.

குறியுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், குறிப்பாக இப்போது. காங்கேயம், உம்பளச்சேரி மாடுகளுக்கு உறை வயிற்றோடு ஒட்டி இருக்கும். பத்து வருடமாகப் பண்ணை வைப்பவர்கள் வடக்கிலிருந்து கிர், சாஹிவால் காளைகளைக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு உறை நீண்டு தொங்கும். குஜராத்தில் அது எப்படியோ, சீமைக்கருவேல முள் மண்டிய நம் ஏரிக்கரையில் அது கிழியும், புண்ணாகும், சீழ் பிடிக்கும். வாய் தரையை நோக்கித் தொங்கி, உள்சதை வெளியே தெரிகிற உறை இருந்தால், எத்தனை லிட்டர் தாய் என்று சொன்னாலும் நான் வாங்க மாட்டேன்.

மற்றவை வேகமாகப் பார்த்துவிடலாம். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்த வேண்டும், கிளிமூக்கு மாதிரி ஒன்று நீண்டால் மேய்ச்சல் கெடும். கண்ணில் பூ இருக்கக் கூடாது. தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். நெஞ்சு அகலமும் விலா வளைவும் தேவை. நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ எடை ஏறக்குறைய வரும். அபிஷேகப்பாக்கத்துக் கன்றுக்குச் சுற்றளவு 55, நீளம் 46. எடை 210 கிலோ சொச்சம் வந்தது. சந்தையில் விற்றவர் 300 என்று சொல்லியிருந்தார்.

நிறத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் அது ராசி சம்பந்தப்பட்டதில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக விட்டால் கழுத்து, திமில், தொடை எல்லாம் கறுத்துக்கொண்டே போகும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். அதாவது திமிலின் கறுப்பு, உள்ளே விதை வேலை செய்வதன் வெளி அடையாளம். காளைக்குக் காளை முகம் இருக்க வேண்டும், பசு முகத்துக் காளையை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு விஷயம் உண்டு.

சுழிக்கு வருவோம். ராஜசுழி, கோபுரச் சுழி, தாமணிச் சுழி, விலங்குச் சுழி, பாடைச் சுழி, பெண்டிழந்தான் சுழி என்று பட்டியல் நீளம். மாட்டு வாகட ஏடுகளில் வைத்தியத்தோடு இந்த லட்சணங்களும் கலந்திருக்கின்றன. முதுகில் பூரான் போல ஓடும் சுழி முன்னால் ஏறினால் குடும்பம் ஏறும், பின்னால் இறங்கினால் குடும்பம் இறங்கும் என்பார்கள். பாடைச் சுழி இருந்தால் வீட்டில் சாவு விழும். சந்தையில் இதற்கு ஒரு பயன் உண்டு. விலையை அடிக்கத் தரகருக்கு இது நல்ல ஆயுதம். எத்தனையோ நல்ல கன்றுகள் ரோமத்தின் திருகலுக்காகக் கசாப்புக்குப் போயிருக்கின்றன. இதில் நான் கண்டிப்பானவன். சுழிக்கும் வீட்டின் நன்மை தீமைக்கும் சம்பந்தமில்லை.

இருந்தாலும் முழுக்கச் சிரித்துத் தள்ளிவிட முடியாத ஒரு கிளைக்கதை இருக்கிறது. அமெரிக்க விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டினும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே உயரத்தில் இருக்கும் மாடுகள், அடைப்பில் பிடித்தால் அதிகம் மிரள்கின்றன என்று கண்டார்கள். 2004இல் அவர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு, நெற்றிச் சுழி வட்டமாக உள்ள காளைகளின் விந்தில் ஒழுங்கான அணுக்கள் கொஞ்சம் அதிகம் என்றது. கருவில் தோலும் நரம்பும் ஒரே மூலத்திலிருந்து உருவாவதால் இப்படி இருக்கலாம் என்பது அவர்கள் யூகம். இதைக் காட்டி நம் முன்னோர் அறிவியல் என்று யாராவது வாட்சப்பில் அனுப்பக்கூடும். அந்த ஆய்வாளர்கள் பார்த்தது குணமும் விந்தும். நம் பட்டியல் சொல்வது பெண்டாட்டி இறப்பதும் கடன் ஏறுவதும். இரண்டும் ஒன்றில்லை.

கண்ணை நம்பி ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. காளையைப் பரிசுக் களத்தில் நிறுத்தி நடுவர் கண்ணால் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை வளர்த்த இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடிவாங்கிய வரலாறு நீளமானது. 1810இல் சார்லஸ் காலிங்கின் ‘காமெட்’ என்ற ஷார்ட்ஹார்ன் காளை 1000 கினிக்கு விலைபோனது. அந்தக் காலத்தில் அது அதிசய விலை. பின்னால் அமெரிக்க இறைச்சி மாட்டுக் கண்காட்சிகளில் குட்டையாக, கட்டையாக, கொழுத்து நிற்கிற காளைதான் அழகு என்று நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். கட்டையான காளையைத் தேடித் தேடிச் சேர்த்ததில், குட்டைத்தனம் கொண்ட மறைமரபணுவைச் சுமந்த காளைகள் முன்னுக்கு வந்துவிட்டன. 1940களிலும் 50களிலும் ஹியர்ஃபோர்டு மந்தைகளில் மூச்சுத் திணறும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. பயந்துபோய் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். 1970, 80களில் உயரமே அழகு. கன்று ஈனும்போது பசு திணறியது, தீனிக்குக் கட்டவில்லை. மறுபடி நடுவுக்கு வந்தார்கள். ஐம்பது ஆண்டில் ஒரே இனம் குட்டையாகி, நெடிதாகி, திரும்பியது. ஒவ்வொரு தடவையும் நடுவர் கண் உறுதியாகத்தான் இருந்தது.

எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாத குறைக்கும் கதை உண்டு. 1962இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000க்கு மேல் மகள்கள். பால் கொட்டியது. உடம்பில் குறை ஒன்றும் தெரியாத அந்தக் காளை, கரு வயிற்றிலேயே அழியக் காரணமான ஒரு மரபணுக் குறையைச் சுமந்திருந்தது. அதனால் உலகெங்கும் ஐந்து லட்சம் கரு கலைந்திருக்கும் என்றும் 42 கோடி டாலர் நஷ்டம் என்றும் 2016இல் கணக்குப் போட்டார்கள். அதே கணக்கு, அது சேர்த்துக் கொடுத்த பாலின் மதிப்பு நஷ்டத்தைவிடப் பல மடங்கு என்றும் சொன்னது. நல்ல காளை, கெட்ட காளை என்ற நம் பிரிவு அங்கே உடைந்துவிடுகிறது.

பாலுக்கும் இதே சிக்கல். காளை பால் கறக்காது. அதன் மகள் கறந்த பிறகே அதன் தரம் தெரியும். காளை விந்து கொடுக்க ஒன்றரை, இரண்டு வயது. மகள் பிறக்க ஒன்பது மாதம், மகள் கன்று ஈன மூன்று வருடம், கறவை அளக்க 305 நாள். ஆக ஆறு, ஆறரை ஆண்டு ஆன பிறகுதான், இந்தக் காளையை விட்டிருக்க வேண்டுமா வேண்டாமா என்பது தெரியும். மரபணுச் சிப் பரிசோதனை இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. நம் நாட்டு மாடுகளுக்கான ‘கௌ சிப்’ 2024 அக்டோபரில் வெளியானது. ஆனால் தெருவில் கன்று வாங்குகிறவருக்கு எட்டுவது ஒன்றுதான். தாயைப் பார். தாய் ஓர் ஈற்றில் எத்தனை லிட்டர் கறந்தது, எத்தனை ஈற்று ஈன்றது, மடி எப்படி, ஈற்றுக்கு ஈற்று இடைவெளி எவ்வளவு என்று கேட்க வேண்டும். உம்பளச்சேரி, காங்கேயம் பசுக்கள் சராசரியாக ஓர் ஈற்றுக்கு 500 லிட்டரை ஒட்டிக் கறப்பவை. அந்த இனக் காளையை விட்டுவிட்டுப் பால் கொட்டும் என்று எதிர்பார்ப்பது காளைக்குச் செய்கிற அநியாயம்.

பொலிகாளை பற்றிய கவலை அரசுக்கு நேற்று வந்ததில்லை. உழவுக்கு நல்ல கன்றைத்தான் காயடிப்பார்கள். ஏருக்கு ஆகாத நோஞ்சான் காயடிபடாமல் ஊர் மேய்ந்து பசுக்களோடு சேரும். கோயிலுக்கு நேர்ந்துவிட்டதும் அதோடு சேரும். வேண்டியதற்கு நேர்மாறான தேர்வு. கொங்கில் பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை மாதிரி சில இடங்களில்தான் காளையைக் கணக்கோடு வைத்திருந்தார்கள். லின்லித்கோ தலைமையிலான வேளாண்மைக் கமிஷன் 1928 அறிக்கையில் இந்தச் சிக்கலைப் பேசியது. அவரே 1936இல் வைஸ்ராயாக வந்ததும் பொலிகாளை தானம் செய்யுங்கள் என்று பணக்காரர்களைக் கேட்டார். சென்னை மாகாணத்தில் 1940இல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத காளையை வைத்திருக்கக் கூடாது, தகுதியில்லாததைக் காயடிக்க உத்தரவிடலாம் என்றார்கள். பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். சட்டம் எல்லைக்கல்லோடு நின்றது. காளை நிற்குமா? 1954 நவம்பர் 1க்குப் பிறகும் தமிழ்நாடு வேறு, புதுச்சேரி வேறு. 2019இல் தமிழ்நாடு கொண்டுவந்த கால்நடை இனப்பெருக்கச் சட்டமும் இந்தப் பக்கம் செல்லாது. எல்லை தாண்டிச் சிங்கிரிகுடி நரசிம்மரைக் கும்பிட்டுத் திரும்புகிற தூரத்துக்குள் இரண்டு அரசு, இரண்டு விதி.

இன்றைக்கு ஊரில் பெரும்பாலான பசுக்களுக்குக் காளை என்பது ஒரு குச்சி. இரண்டு சக்கர வண்டியில் திரவ நைட்ரஜன் குடுவையோடு வருகிறவர், மைனஸ் 196 டிகிரியில் கிடந்த 0.25 மில்லி குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து ஊசி போட்டுவிட்டுப் போகிறார். குச்சியில் இரண்டு கோடி அணு. காளை ஈச்சங்கோட்டையிலோ ஊட்டியிலோ ஓசூரிலோ அலமாதியிலோ நிற்கிறது. மத்திய அரசின் தர நெறிமுறைப்படி அதைத் தனிமையில் 60 நாள் வைத்து, காசநோய், கருச்சிதைவு நோய் எல்லாம் பார்த்து, மரபணுக் குறைக்கும் சோதித்திருக்கிறார்கள். அதாவது நான் மேலே சொன்ன காலும் பையும் உறையும் யாரோ பார்த்தாகிவிட்டது. கண்ணுக்கு வேலை போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அங்கேயும் ஜெர்சிக் கலப்புக் காளைகளில் நிறைய கழிந்துபோகின்றன. வளர்ந்து, அழகாக நின்று, விந்து மட்டும் உறையவைத்தால் தாங்காது.

இப்படிக் குச்சி இருக்கும்போது உயிருள்ள காளையை ஊருக்குள் கொண்டுவருவது ஏன் என்று அபிஷேகப்பாக்கத்துக்காரரிடம் கேட்டேன். “ஊசி மூணு தடவ போட்டும் நிக்கல தம்பி. காளைன்னா பசு எப்ப பருவத்துக்கு வந்துச்சுன்னு அதுவே கண்டுபிடிச்சிக்கும்” என்றார். அது உண்மைதான். பருவம் பார்ப்பதில் எந்த மனிதக் கண்ணும் காளையின் மூக்குக்கு ஈடாகாது. 2017 தை மாதத்து மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டு ஆசை இந்தப் பக்கமும் பரவியிருக்கிறது, அதுவும் ஒரு காரணம். அவரிடம் இரண்டு எச்சரிக்கை சொன்னேன். ஒரு பசுவிடமிருந்து இன்னொன்றுக்குக் கருச்சிதைவு நோயைக் கொண்டுபோகும் வாகனம் ஊர்க்காளை. முதல் பசுவோடு சேர்க்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஒரே ஊரில் வைத்தால் தன் மகளையே ஏறும், பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தாயைப் பற்றிக் கேட்டேன். விற்றவருக்குப் போன் போட்டார். தாய் நல்ல கறவை என்றார் அவர். எத்தனை லிட்டர் என்றதற்கு, கன்றுக்குப் போக வீட்டுக்குப் போதும் என்றார். கன்றின் காதில் அடையாள மஞ்சள் வில்லை இல்லை, 12 இலக்க எண் இல்லை, ஆகவே வேறெங்கும் தேட வழியில்லை.

கால் தேறியது, உறை தேறியது, இரண்டு விதையும் இறங்கியிருந்தன. டேப் 26 சென்டிமீட்டர் காட்டியது. விடலாமா என்று கேட்டார். இரண்டு பல் போடட்டும், ஐப்பசியில் மறுபடி அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, கொட்டாய்ச் சுவரில், பால்காரன் கணக்குக்குக் கீழே 26 என்று எழுதிப் பக்கத்தில் தேதி போட்டார்.